ஐந்து கட்டையும் மைக் செட்டும்

கொடுமுடி சுந்தராம்பாளைப் பற்றிப் பேசினால், மைக் இல்லாத காலத்திலேயே அவர் குரல் கொட்டகையின் கடைசி வரிசை வரை கேட்டது என்று வியப்பது நம் வழக்கம். வரம் என்கிறோம். அது பிழைப்பின் நிபந்தனையாகவும் இருந்தது என்பதைச் சொல்வதில்லை. 1908இல் பிறந்து, ரயிலில் பாடிக் காசு பெற்ற சிறுமி, கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை என்றால் மேடையில் நீடித்திருக்க முடியாது.

ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணிச் சுருதி சொல்வது நம் கணக்கு. மேலைநாட்டு ‘சி’ ஒரு கட்டை, ‘ஜி’ ஐந்து கட்டை. நாடக மேடை ஏன் உயர்ந்த சுருதியை விரும்பியது என்பதற்கு இயற்பியல் காரணம் உண்டு. மனிதக் காது 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் மிக நுட்பமாக உணர்கிறது. தொண்டை திறந்து உச்சத்தில் பாடும் குரலில் அந்தப் பகுதி செறிவாக இருக்கும். கூட்டத்தின் இரைச்சலையும் தாண்டும். சுந்தராம்பாளும் எஸ்.ஜி. கிட்டப்பாவும் அப்படித்தான் பாடினார்கள். 1933இல் கிட்டப்பா 27 வயதில் இறந்தார். வெள்ளைச் சேலைக்கு மாறிய சுந்தராம்பாள் 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் ஆண் வேடமேற்றார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய் என்பார்கள். கொட்டகைக்காகப் பழகிய குரல் சினிமா ஒலிப்பதிவுக் கருவியின் முன்னால் வந்து நின்ற தருணம் அது.

ஒலிபெருக்கி கச்சேரி மேடைகளுக்கு வந்தபின் குரலின் ஒழுக்கமே மாறியது. எம்.எஸ். சுப்புலட்சுமி, டி.கே. பட்டம்மாள் தலைமுறைக்கு உரக்கப் பாட வேண்டிய கட்டாயம் குறைந்தது. மெல்லப் பாடலாம், தாழ்ந்த சுருதியில் நிற்கலாம். இது விடுதலைதான். ஆனால் அதோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டது: அசையாத உடல், அடங்கிய முகம், உள்ளிருந்து வருவது போன்ற குரல் ஆகியவை ‘குடும்பப் பெண்’ணின் இலக்கணம் ஆயின. நாடகப் பெண்களின் திறந்த தொண்டை ‘கொச்சை’ என்று ஒதுக்கப்பட்டது. இதை மைக்கின் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். மைக்கை வைத்து யார் எந்தக் குரலைப் பாராட்டினார்கள் என்பதே கேள்வி.

கருவியும் பாரபட்சம் இல்லாததல்ல. தொலைபேசி கடத்தியது ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே. ‘ஸ’ போன்ற உரசொலிகளின் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. அதை வெட்டிவிட்டு, பெண்கள் பேசுவது புரியவில்லை, கீச்சென்கிறது என்றார்கள். நம் குழாய் ஸ்பீக்கரும் அடித்தள ஒலியை விழுங்கிவிட்டு நடுப்பகுதியைத்தான் ஊருக்கு அனுப்பும். ஆடி மாதத்தில் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள் மூன்று தெரு தள்ளியும் சொல் சிதையாமல் கேட்பதற்கு அவர் குரலின் கூர்மையும் ஒரு காரணம். மென்குரலை அதே குழாயில் போட்டால் தகரம்தான் கேட்கும்.

அருள்புரத்தில் ‘சிங்கர்’ என்றால் தையல் மிஷின். ‘சிங்கர் டெய்லர் தேவை’ என்ற பலகைகளைத் தாண்டித்தான் எங்கள் பாட்டுக் குழுப் பெண்கள் ஒத்திகைக்கு வருவார்கள். பகலெல்லாம் பவர் டேபிள் இரைச்சலில் பேசியவர்கள். சுற்றிலும் சத்தம் கூடினால் குரல் தானாகவே ஏறும் என்று பிரெஞ்சு மருத்துவர் லொம்பார் 1911இல் எழுதினார். எட்டு மணி நேரம் அப்படி ஏற்றிய தொண்டையோடு மாலையில் ஐந்து கட்டையில் பாடச் சொல்வது கொடுமை.

அதனால் ஒத்திகைக்குப் பெரிய செட் வேண்டாம். எட்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று, மைக் ஒன்று, சிறிய மிக்சர் போதும். மேடைக்குக் கையில் பிடிக்கும் டைனமிக் மைக். ஷூர் நிறுவனத்தின் எஸ்.எம். 58, 1966இல் வந்தது. முன்பக்க ஒலியை வாங்கி, பின்பக்க ஒலியைப் பெரிதும் ஒதுக்கும். வாடகைக்கு எடுக்கும் இடத்தில் அதன் நகல்தான் கிடைக்கும், பரவாயில்லை. ஆனால் வலைத்தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடித்தால் அந்த ஒதுக்கும் குணம் கெட்டு ஊளையிடும். உதட்டருகே வைத்தால் கீழ்க்குரல் கனக்கும். உச்சத்தில் நான்கு விரல் தள்ளிப் பிடிக்கலாம். கீச்சென்று தோன்றினால் 3000 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் குறைக்கச் சொல்ல வேண்டும், ‘ட்ரெபிள்’ முழுவதையும் அல்ல. முழுவதையும் குறைத்தால் சொல் போய்விடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது மானிட்டர், பாடுகிறவரை நோக்கித் தரையில் வைக்கும் ஸ்பீக்கர். தன் குரல் தனக்குக் கேட்காதவள் கத்துவாள். மைக்கின் வால் பார்க்கும் திசையில் அதை வைத்தால் ஊளை வராது. ஒரு திருவிழாவில் மைக் செட்காரர், “பொம்பளைங்க பாட்டுக்கு எதுக்குங்க அது?” என்றார். குழுவின் மூத்த அக்கா, பனியன் கம்பெனியில் ஓவர்லாக் ஓட்டுகிறவர், பாட்டை நிறுத்திவிட்டு மிக்சர் பக்கம் போனார். “எந்தத் திருகு, காட்டுங்கண்ணா, நானே திருப்பிக்கறேன்.” மிஷினில் நூல் இழுவையை விரலால் கணிக்கிறவருக்கு அது கடினமாக இருக்கவில்லை. அடுத்த பாட்டில் சுருதியை அரைக்கட்டை இறக்கிக்கொண்டார்கள்.