தொழிற்சாலை கைவிட்ட வண்டி: பழைய மோட்டார்ஹோம்களின் பராமரிப்பு அறிவு வளர்ந்த வரலாறு

வண்டி பழசாவதற்கு முன்பே அதன் பராமரிப்புக் கையேடு எழுதி முடிக்கப்பட்டுவிடுகிறது. எழுதும் பொறியாளர் முன்னால் இருப்பது புது ரப்பர், புது பேரிங், துருவேறாத போல்ட். முப்பது கோடைகளில் காய்ந்த பெட்ரோல் குழாய் எந்த வளைவில் முதலில் விரிசல் விடும் என்பது அன்றைக்கு யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. அந்த அறிவு பிற்பாடு உருவாகிறது. பெரும்பாலும் தொழிற்சாலைக்கு வெளியே, வண்டியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுபவர்களிடம் உருவாகிறது. அது எப்படிச் சேர்ந்தது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதை அமெரிக்காவின் ஜிஎம்சி மோட்டார்ஹோமை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை பார்க்கிறது. 1973 முதல் 1978 வரையிலான மாடல் ஆண்டுகளில் மட்டும் தயாரான வண்டி அது. மொத்தம் 12,921 வண்டிகள். அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

கேரவன் என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நமக்கு நினைவுக்கு வரும். இங்கே பேசப்படுவது ஒரு குடும்பம் தானே ஓட்டிச் சென்று, தானே சமைத்து, உள்ளேயே படுத்துறங்கும் வண்டி. எஞ்சின், பிரேக்கோடு குளிர்பதனப் பெட்டி, கழிவுநீர்த் தொட்டி, எரிவாயு அடுப்பு, ஜெனரேட்டர் எல்லாம் ஒரே கூரையின் கீழ் அடங்கியது. இதைப் பராமரிக்க ஒருவர் மெக்கானிக்காகவும் பிளம்பராகவும் எலக்ட்ரீஷியனாகவும் இருந்தாக வேண்டும். அப்படி ஒருவர் கிடைப்பதில்லை. அறிவைப் பகிர்ந்தே தீரவேண்டிய நெருக்கடி இந்த வண்டியின் அமைப்பிலேயே இருக்கிறது.

இந்தப் பகிர்வு ஜிஎம்சியோடு தொடங்கியதல்ல. 1919இல் ஃபுளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரில், டி சோட்டோ பூங்காவில் கூடாரமடித்துத் தங்கிய மோட்டார் பயணிகள் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். ரேடியேட்டர் மூடியில் ஒரு தகர டப்பாவைப் பொருத்திக்கொள்வது அவர்களின் அடையாளம். அந்தக் காலத்துக் கார் உரிமையாளர்கள் வாங்கிய வண்டியை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், படுக்கையும் பெட்டியும் சேர்த்துத் தாங்களே மாற்றியமைத்ததை வரலாற்றாசிரியர் கேத்லீன் ஃபிரான்ஸ் தம் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அவர்களில் பலர் ஓட்டியது ஃபோர்டு மாடல் டி. ஒன்றரைக் கோடி வண்டிகள் வந்த மாடல் அது. எந்தக் கிராமத்துப் பட்டறையிலும் அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் இருந்தார். அறிவுக்குப் பஞ்சமில்லாததால் அதைத் தனியாகத் திரட்டும் தேவையும் எழவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிலைமை தலைகீழானது. 1963 ஜூலை 20 அன்று முழுச் சூரிய கிரகணம் பார்ப்பதற்காக மெய்ன் மாநிலத்தின் ஹிங்க்லியில் 26 குடும்பங்கள் தங்கள் 'வீட்டு வண்டி'களோடு கூடின. 'ஃபேமிலி மோட்டார் கோச் அசோசியேஷன்' பிறந்தது அங்கேதான். அன்றைய வீட்டு வண்டிகளில் பல, பழைய பேருந்தை வாங்கி உள்ளே வீடாக்கியவை. ஒன்றைப் போல இன்னொன்று இராது. ஒருவர் வண்டியின் தண்ணீர்க் குழாய் ஓடும் வழி அவருக்கு மட்டுமே தெரியும். கூட்டத்தில் பொதுவான யோசனைகளைப் பகிரலாம். குறிப்பிட்ட ஒரு கோளாறுக்குக் குறிப்பிட்ட ஒரு தீர்வைப் பகிர முடியாது. 1966இல் ஐயோவாவின் ஃபாரஸ்ட் சிட்டியில் வின்னபேகோ நிறுவனம் மோட்டார்ஹோம்களைத் தயாரிக்கத் தொடங்கிய பிறகே ஒரே அச்சில் வார்த்த வண்டிகள் சாலையில் பெருகின. என் கணிப்பில் பராமரிப்பு அறிவின் வரலாற்றில் இது பெரிய திருப்பம். வண்டிகள் ஒரே மாதிரி இருந்தால் கோளாறுகளும் ஒரே மாதிரி வரும். இன்று எனக்கு வந்தது நாளை உனக்கு வரும் என்ற உறுதி இருந்தால்தான் என் அனுபவத்துக்கு உன்னிடம் மதிப்பு.

ஜெனரல் மோட்டார்ஸ் இந்தச் சந்தைக்கு வந்தது 1972 மே மாதம். வாஷிங்டனுக்கு அருகே டல்லஸ் விமான நிலையத்தில் நடந்த டிரான்ஸ்போ 72 கண்காட்சியில் தன் மோட்டார்ஹோமைக் காட்டியது. மற்றவர்கள் லாரி சேசிஸ் மேல் பெட்டியை ஏற்றி வைத்துக்கொண்டிருந்தபோது, ஜிஎம்சி அடியிலிருந்தே புதிதாக வடிவமைத்தது. ஓல்ட்ஸ்மொபில் டொரொனாடோ காரின் 455 கன அங்குல வி8 எஞ்சினும் முன்சக்கர இயக்கமும் அப்படியே எடுத்துக்கொள்ளப்பட்டன. பின்னால் டிரைவ் ஷாஃப்ட் ஓடாததால் தரைத்தளம் மிகத் தாழ்ந்தது. பின்புறம் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சக்கரங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு சக்கரங்களின் கைகளுக்கு நடுவே ஒரு காற்றுப் பை. உடல் அலுமினியமும் ஃபைபர்கிளாஸும். இன்று பார்த்தாலும் பழசாகத் தெரியாத வண்டி. 1981இல் வந்த 'ஸ்டிரைப்ஸ்' என்ற நகைச்சுவைப் படத்தில் இதையே ராணுவ வண்டியாக மாற்றி ஓட்டினார்கள்.

அழகுக்குக் கொடுத்த விலை பராமரிப்பில் தெரிந்தது. லாரி மெக்கானிக்குக்குக் காரின் முன்சக்கர இயக்கம் புரியாது. கார் மெக்கானிக்கின் லிஃப்டில் இந்த வண்டி ஏறாது. உள்ளறை அமைப்பு இன்னும் குழப்பம். ஜெனரல் மோட்டார்ஸ் பல வண்டிகளை வெற்றுக் கூடாக விற்றது. கோச்மென் போன்ற நிறுவனங்கள் அவற்றை வாங்கித் தங்கள் விருப்பப்படி உள்ளறை அமைத்தன. தொழிற்சாலைக் கையேடு எஞ்சினைப் பற்றி நிறையப் பேசியது. அந்த வண்டிகளின் குளியலறைப் பக்கம் அது எட்டிப் பார்க்கவில்லை.

1978 மாடலோடு தயாரிப்பு நின்றது. அடுத்த அடி உடனே விழுந்தது: 1979 மாடலில் டொரொனாடோ கார் உருவத்தில் சுருங்கி, கியர்பாக்ஸும் வேறானது. காயலாங்கடையில் ஒரு டொரொனாடோவைக் கண்டுபிடித்துப் பாகங்களைக் கழற்றிக்கொள்ளலாம் என்ற ஆறுதலுக்கும் காலக்கெடு விழுந்தது. உரிமையாளர்கள் மாநில அளவிலும் தேசிய அளவிலும் சங்கங்களாகச் சேர்ந்து, முகாம்களில் கூடத் தொடங்கினார்கள். முகாம் நிகழ்ச்சிகளில் தொழில்நுட்ப அமர்வு நிலையான அங்கமானது. ஒருவர் வண்டியின் அடியில் படுத்து வேலை செய்வார். பத்துப் பேர் குனிந்து பார்ப்பார்கள். சங்கச் செய்தி மடல்களில் வரைபடத்தோடு குறிப்புகள் வந்தன. வழியில் வண்டி நின்றுவிட்டால் உதவ முன்வரும் உரிமையாளர்களை ஊர்வாரியாகத் தொகுத்த பட்டியலும் புழக்கத்துக்கு வந்தது.

இந்த அறிவு முதிர்ந்த விதத்தைக் காட்ட ஒரு கோளாறை மட்டும் சற்று விரிவாக எடுத்துக்கொள்கிறேன். மலை ஏறும்போதும் கோடை மதியத்திலும் இந்த வண்டிகள் இருமி, இழுவை குறைந்து, நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். முதலில் பழி கார்புரேட்டர் மேல் விழுவது வழக்கம். எத்தனையோ நல்ல கார்புரேட்டர்கள் வீணாகப் பிரிக்கப்பட்டிருக்கும். உண்மைக் காரணம் பெட்ரோல் வரும் வழியில் இருந்தது. பம்ப் முன்னால் எஞ்சினில்; தொட்டிகள் பின்னால் வெகுதூரத்தில். பம்ப் அவ்வளவு தூரம் உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். சாலையின் வெப்பமும் எக்ஸாஸ்ட் குழாயின் வெப்பமும் சேர, பெட்ரோல் குழாயிலேயே கொதித்து ஆவியாகிறது. பம்பால் ஆவியைத் தள்ள முடியாது.

காரணம் புரிந்ததும் தீர்வு வந்தது: தொட்டிக்கு அருகே மின்சார பம்ப் வைத்து, உறிஞ்சுவதற்குப் பதிலாகப் பின்னாலிருந்து தள்ளுவது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2005 முதல் வந்த எரிசக்திச் சட்டங்களால் அமெரிக்கப் பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் ஏறக்குறைய எங்கும் பரவியது. அந்த அளவு எத்தனால் பெட்ரோலின் ஆவியழுத்தத்தை உயர்த்துகிறது. 1970களின் ரப்பர் குழாயையும் அரிக்கிறது. ஓய்ந்திருந்த நோய் திரும்பி வந்தது, கூடவே தீப்பிடிக்கும் அபாயத்தோடு. தொட்டியை இறக்கி அத்தனை குழாய்களையும் எத்தனால் தாங்கும் குழாயாக மாற்ற வேண்டும் என்பது, பழைய வண்டியைப் புதிதாக வாங்குபவருக்குச் சொல்லப்படும் முதல் அறிவுரைகளில் ஒன்றாகிவிட்டது. 1973ஆம் ஆண்டுக் கையேட்டில் இது எப்படி இருக்க முடியும்? வண்டி மாறாமல் நின்றது. அதைச் சுற்றியிருந்த உலகம் மாறியது. பழைய வண்டியின் பராமரிப்பு அறிவில் பாதி இப்படி உலகத்தின் மாற்றத்தைப் பற்றியதுதான்.

டயரிலும் இதே கதை. இந்த வண்டிகள் 16.5 அங்குல ரிம்மோடு வந்தவை. அந்த அளவு டயர் காலப்போக்கில் அரிதானது. அரை அங்குலம்தானே என்று 16 அங்குல டயரை 16.5 அங்குல ரிம்மில் ஏற்றினால் காற்றடிக்கும்போதே வெடித்து ஆளைக் கொல்லக்கூடும். ஆகவே சக்கரத்தையே மாற்றி 16 அங்குலத்துக்குப் போவது வழக்கமாயிற்று. முன்சக்கர பேரிங்குக்கு கிரீஸ் வைக்க ஹப்பை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்துத் தள்ளிக் கழற்ற வேண்டியிருந்தது. உரிமையாளர்கள் துளையிட்டு கிரீஸ் நிப்பிள் பொருத்தும் முறையைக் கண்டார்கள். பயனர்களே புதுமையைப் பிறப்பிக்கிறார்கள் என்ற ஆய்வாளர் எரிக் வான் ஹிப்பெலின் கருத்துக்கு இதைவிடத் துலக்கமான சான்று வேண்டியதில்லை.

பராமரிப்பு அறிவு பரவ வேறொரு பாதையும் இருந்தது. 1969இல் நியூ மெக்சிகோவின் ஜான் மியூர், ஃபோக்ஸ்வாகன் வண்டியை உயிரோடு வைத்துக்கொள்வது எப்படி என்று ஒரு நூலைத் தாமே வெளியிட்டார். பீட்டர் அஷ்வாண்டன் படம் வரைந்தார். வெஸ்ட்ஃபாலியா கேம்பர் வேன் வைத்திருந்த இளைஞர்கள் கையில் அது வேதமாயிற்று. எஞ்சினைத் தொட்டே பழகாதவருக்கு, பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோன்ற மொழியில் எழுதிய நூல். மூன்றாவது சிலிண்டருக்குப் போகும் குளிர்காற்றை ஆயில் கூலர் மறைப்பதால் அங்கே வால்வு கருகும் என்பது போன்ற உள்விவகாரங்கள் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் நூல் ஒருவர் குரல். 1977இல் மியூர் இறந்த பிறகு பிறர் பதிப்புகளைத் திருத்தினார்கள் என்றாலும், மறுத்துப் பேச நூலில் இடமில்லை. ஜிஎம்சி உரிமையாளர்களிடம் ஒரே ஆசான் இல்லை. அதனால் வாதம் ஓயவும் இல்லை. துத்தநாகச் சேர்மம் குறைந்த இன்றைய ஆயில் பழைய கேம் ஷாஃப்டைத் தேய்க்குமா என்று கேட்டுப் பாருங்கள், இரவு உணவு ஆறிப்போகும்.

1992இல் ஜெனரல் மோட்டார்ஸ் உதிரிபாகப் பொறுப்பை மிச்சிகனின் சாண்டஸ்கியில் இருந்த சின்னபார் எஞ்சினியரிங் நிறுவனத்திடம் விட்டது. அந்நிறுவனம் பாகங்களோடு ஒரு செய்தி இதழையும் வெளியிட்டது. உரிமையாளர்களில் சிலர் தாங்கள் கண்ட தீர்வுகளைப் பொருளாகச் செய்து விற்கத் தொடங்கினார்கள்: பின்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், இரண்டு காற்றுப் பைகளுக்குப் பதில் நான்கு. இலவசமாகச் சொல்லப்பட்ட யோசனை விலைப்பட்டியலுக்குள் வந்தபோது, சொல்பவரின் நோக்கத்தை எடைபோட்டுப் பார்க்கும் பழக்கமும் வந்தது. இதைச் சீரழிவு என்று நான் கருதவில்லை. விற்பவர் இல்லாவிட்டால் பாகமே கிடைத்திராது. 1990களின் நடுவில் கணினி வழித் தொடர்பு வந்ததும் கேள்விக்கும் பதிலுக்கும் இடையிலான மாதக்கணக்கு மணிக்கணக்காயிற்று. பழைய பதில்களைத் தேடி எடுக்கவும் முடிந்தது.

ஜெராக்ஸ் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்களை ஆராய்ந்த மானிடவியலாளர் ஜூலியன் ஓர், 1996இல் வெளியான நூலில், அவர்கள் கையேட்டைவிடத் தங்களுக்குள் பகிரும் கதைகளையே நம்பியதைக் காட்டினார். ஜிஎம்சி வட்டாரத்திலும் அறிவு கதையாகவே உலவுகிறது: எந்தக் கணவாயில், எத்தனை டிகிரி வெயிலில், எந்தச் சத்தம் முதலில் கேட்டது. ஆனால் ஜூலியன் ஓர் ஆராய்ந்தவர்கள் சம்பளம் வாங்கும் தொழிலாளர்கள்; இவர்கள் சொந்தப் பணத்தைச் செலவிடுபவர்கள். இவர்கள் விட்டுச்செல்லும் பதிவில் ஒரு சாய்வு உண்டு. தாக்குப்பிடித்தவர்கள் எழுதியதே நமக்குக் கிடைக்கிறது. சலித்துப்போய் வண்டியைக் காயலாங்கடைக்குத் தள்ளியவரின் கோளாறு எது என்பது எங்கும் பதிவாகவில்லை. புதுமையின் வரலாற்றுக்குப் பதில் பயன்பாட்டின் வரலாற்றை எழுதச் சொன்ன வரலாற்றாசிரியர் டேவிட் எட்ஜர்ட்டனின் வழியில் போகிறவர்கள் இந்த இடைவெளியைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

இப்போது இன்னொரு சிக்கல் தலைதூக்கியிருக்கிறது. அரை நூற்றாண்டுத் திருத்தங்களில் இந்த வண்டிகள் ஒன்றிலிருந்து ஒன்று விலகிவிட்டன. ஒன்றில் கார்புரேட்டர் போய் எலக்ட்ரானிக் எரிபொருள் செலுத்தி. இன்னொன்றில் முன்புற சஸ்பென்ஷனே வேறு. மற்றொன்றில் முந்தைய உரிமையாளர் தம் போக்கில் இழுத்த மின்கம்பிகள், எதற்கும் வரைபடம் கிடையாது. ஆலோசனை கேட்பவரிடம் முதலில் மாடல் ஆண்டைக் கேட்டால் போதும் என்றிருந்தது. அனுபவசாலிகள் இன்று அதற்குப் பிறகும் கேள்வி கேட்டுக்கொண்டே போகிறார்கள்: எந்த பம்ப், எந்த பிரேக், எத்தனை காற்றுப் பை, உங்களுக்கு முன்னால் வண்டி யாரிடம் இருந்தது.