சிங்கப்பூர்க் காட்டில் ஒரு சிந்தோ கோயில்

கோயில் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழர் நெஞ்சில் எழுவது கல்லே. வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயிலைக் கண்டு வளர்ந்த நமக்கு, தலைமுறைகளைக் கடந்து நிற்பதே கோயிலின் இலக்கணம். ஜப்பானியரின் சிந்தோ நெறியிலோ கோயில் மரத்தால் ஆனது. கதிரவன் தெய்வமாகிய அமதெராசு உறையும் ஈசே பெருங்கோயிலை இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் புதிதாக எழுப்பிப் பழையதைப் பிரித்துவிடுவர். 2013ஆம் ஆண்டில் நடந்தது 62ஆம் புதுப்பிப்பு. இசுசு ஆற்றின்மேல் பாலம், கைகால் கழுவுவதற்கன்றிக் கையும் வாயும் தூய்மை செய்வதற்கென்றே நீர்த்தொட்டி, அப்பால் வானளாவிய மரங்கள். அங்குச் சோலை கோயிலுக்கு அழகு சேர்ப்பதன்று, சோலையே கோயில்.

அத்தகைய கோயில் ஒன்று தமிழர் வாழும் மண்ணிலும் எழுந்தது, எரிந்தது என்பதை நம்மில் பலர் அறியோம்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. ஊரின் பெயரே 'ஷோனான்' என்று மாறியது. மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தின் மேற்குப் பகுதியில், அடர்ந்த காட்டினிடையே, ஈசே கோயிலை நினைவூட்டும் வகையில் 'ஷோனான் ஜின்ஜா' என்னும் மரக்கோயிலை எழுப்பினர். நீரின்மேல் ஒரு பாலமும் அமைந்தது. அதற்காக உழைத்தவர்கள் பிரிட்டன், ஆஸ்திரேலிய நாடுகளின் போர்க்கைதிகள். நகர் வீழ்ந்த முதலாண்டு நிறைவான 1943 பிப்ரவரி 15இல் அங்கு விழா எடுக்கப்பட்டது. எளிமையையும் அமைதியையும் போற்றும் கோயிற்கலை, வென்றவரின் கொடிக்கம்பமாக மாறிய கதை இது.

தமிழர்க்கு இக்கதையில் இரு பக்கங்கள் உண்டு. அதே 1943இல், அதே நகரில், நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இந்திய விடுதலை இயக்கத்தின் தலைமையை ஏற்றார். அக்டோபர் 21இல் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ் இளைஞர்கள் திரண்டு படையிற் சேர்ந்தனர். தமிழ்ப் பெண்கள் ஜான்சிராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினர். அதே தோட்டங்களிலிருந்துதான் சயாம்–பர்மா இருப்புப்பாதைக்கும் தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீண்ட அப்பாதையில் போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேலும், ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 90,000 பேரும் மாண்டனர் என மதிப்பிடுவர். ஒரே குடும்பத்தில் ஒருவர் படைக்கும் மற்றவர் பாதைக்கும் போயிருக்கக்கூடிய காலம் அது. புதுச்சேரி மக்களாகிய நமக்கும் இது வேற்றூர்க் கதையன்று. சைகோனில் வாழ்ந்த நம் புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்கள், 1945 மார்ச் 9இல் ஜப்பானியர் பிரெஞ்சு ஆட்சியை வீழ்த்தியதை அருகிருந்து கண்டவை.

1945இல் ஜப்பான் சரணடைந்தது. பகைவர் கையால் இழிவு நேரக்கூடாதென்று, பிரிட்டிஷ் படை வந்து சேருமுன் ஜப்பானியரே தம் கோயிலை அழித்தனர். அதே ஆண்டு ஜூலை 8இல் நேதாஜி அடிக்கல் நாட்டிய இந்திய தேசியப் படையின் நினைவுச்சின்னம் சிங்கப்பூர்க் கடற்கரையோரம் எழுந்திருந்தது. செப்டம்பரில் திரும்பிவந்த பிரிட்டிஷார் அதனைத் தகர்த்தனர். ஒன்றைக் கட்டியவர்களே அழித்தனர். மற்றொன்றை மாற்றார் அழித்தனர். சில வாரங்களுக்குள் இரண்டும் மறைந்தன. படைவீரர் நினைவிடத்தில் 1995இல் ஓர் அடையாளக் கல் நாட்டப்பட்டது. ஷோனான் கோயிலிருந்த இடம் 2002இல் வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. காடு மூடிய அவ்விடத்தில் எஞ்சியவற்றுள் குறிப்பிடத்தக்கது, வழிபடுவோர் கை கழுவிய கருங்கல் தொட்டி. மரம் போயிற்று, கல் நின்றது.

கவிஞர்களாகிய நாம் இதனை எவ்வாறு நோக்குவது? புதுச்சேரியில் வாழ்ந்த காலத்தில், 1916இல், பாரதியார் ஜப்பானியக் கவிதை பற்றிச் சுதேசமித்திரனில் எழுதினார். தம் வீடு தீக்கிரையான வேளையிலும் அமைதி குன்றாது சிறுகவிதை யாத்த ஒரு கவிஞரை அதில் அவர் நமக்கு அறிமுகம் செய்தார். இன்று ஹைக்கூ எழுதும் ஒவ்வொருவரும் அந்த அறிமுகத்துக்குக் கடன்பட்டவரே. அவ்வமைதியை ஈன்ற நாடுதான் முப்பது ஆண்டுகளுக்குள் சயாம் காட்டில் நம் மக்களை மாளவிட்டது. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது வரலாறாகாது. கலையை வெறுத்தால் பாரதி காட்டிய சாளரத்தை அடைப்போம். கொடுமையை மறந்தால் பாதையோரம் புதையுண்ட பெயரற்ற தமிழரை இரண்டாம் முறை புதைப்போம்.

போரில் பட்டவனுக்குக் கல் நாட்டும் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாக வகுக்கிறது. தேர்ந்த கல்லை நீராட்டும் நீர்ப்படையும் அவற்றுள் ஒன்று. இருப்புப்பாதையில் மாண்ட தமிழருக்கு அன்று கல்லுமில்லை, நீர்ப்படையுமில்லை. பெரும்பாலோருக்குப் பெயர்ப்பட்டியலும் இல்லை. மெக்ரிட்சிக் காட்டில் கிடக்கும் அந்தத் தொட்டியோ நீருக்கெனக் குடையப்பட்ட கல். அதை நினைக்குந்தோறும், அன்று நடப்படாத அந்த நடுகற்களே என் நினைவில் எழுகின்றன.

பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் நம் மன்றம் கவிதைகளை மட்டுமன்றி நினைவுகளையும் தொகுக்கட்டும். சைகோனிலும் மலாயாவிலும் வாழ்ந்து திரும்பியோரின் பேரப்பிள்ளைகள் நம் தெருக்களில் உள்ளனர். அவர்கள் வீட்டுப் பெட்டிகளில் கடிதங்கள் இருக்கும். முதியோர் சொல்லிச் சென்ற செய்திகள் இருக்கும். அவற்றைக் கேட்டு எழுதி வைப்போம். அன்று கல் கிடைக்காதவர்க்குச் சொல்லேனும் கிடைக்கட்டும்.