ஸ்டீம்பாய்: பஞ்சு இல்லாத மான்செஸ்டர்

கட்சுஹிரோ ஓட்டோமோ "அகிரா"வை எடுத்தது 1988-ல். அவருடைய அடுத்த முழுநீள அனிமே "ஸ்டீம்பாய்" வந்தது 2004-ல். நடுவில் பத்து வருடம் போல இந்த ஒரு படத்துக்கே போனது. கிட்டத்தட்ட 1,80,000 ஓவியங்கள், அகிராவை விட பெரிய பட்ஜெட். ஆனால் பார்த்து முடித்ததும் மனதில் நிற்பது குழாயும் வால்வும் நீராவியும்தான். ஏன் இப்படி ஆச்சு?

கதை மெலிது, பாத்திரங்களில் அழுத்தம் இல்லை என்று நிறைய பேர் சொல்லிவிட்டார்கள். சரிதான். ஆனால் எனக்குப் படுகிற காரணம் வேற. இரண்டு படமும் வரலாற்றைப் பயன்படுத்துகிற விதத்தில்தான் வித்தியாசமே இருக்கிறது.

அகிரா நடப்பது 2019-ல். ஆனால் அதற்குள் இருப்பது ஓட்டோமோ வளர்ந்த ஜப்பான். அவர் பிறந்தது 1954. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் நடந்தபோது வயது பத்து. அந்த 1964 ஒலிம்பிக்ஸில் சுடரை ஏற்றியவர் யோஷினோரி சகாய். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த அதே 6 ஆகஸ்ட் 1945 அன்று, அதே மாகாணத்தில் பிறந்தவர். அழிவிலிருந்து எழுந்துவிட்டோம் என்று ஜப்பான் உலகத்துக்குச் சொன்ன தருணம் அது. 1968-69-ல் மாணவர் போராட்டம், தடியடி, கண்ணீர்ப்புகை. படத்திலும் ஒரு ஒலிம்பிக் ஸ்டேடியம் கட்டுகிறார்கள். பழைய பேரழிவுக்குக் காரணமானவன் அதற்கு அடியிலேயே புதைந்திருக்கிறான். மேலே தெருவில் போராட்டக்காரர்களும் போலீஸும். இதையெல்லாம் யாரும் வசனமாகப் பேசி விளக்குவதில்லை. விளக்க வேண்டிய தேவையும் இல்லை.

இப்போ ஸ்டீம்பாய்க்கு வருவோம். வருடம் 1866, இடம் மான்செஸ்டரும் லண்டனும். கண்ணாடி மாளிகையில் கண்காட்சி நடக்கிறது. நிஜத்தில் அந்தக் கண்காட்சி நடந்தது 1851-ல். மாளிகையையே பிரித்து ஸிடன்ஹாமுக்கு கொண்டுபோய்விட்டார்கள். படத்தில் முக்கிய பாத்திரமாக வருகிற ராபர்ட் ஸ்டீஃபன்சன் 1859-லேயே இறந்துவிட்டார். இதெல்லாம் எனக்குப் பிரச்சனை இல்லை. மாற்று வரலாறு எழுதுகிறவருக்கு இந்த உரிமை உண்டு.

பிரச்சனை, விட்டுப்போனதில் இருக்கிறது. நாயகன் ரே மான்செஸ்டரில் ஒரு நூற்பாலையில் வேலை பார்க்கிற பையன். வருடம் 1866 என்றால் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து ஒரே வருடம். அதுவரை பிரிட்டனுக்கு வந்த பஞ்சில் முக்கால் பங்குக்கு மேல் அடிமைகள் விளைவித்த அமெரிக்கப் பஞ்சு. போரில் அது நின்றதும் லங்காஷயர் ஆலைகள் மூடின, லட்சக்கணக்கான மக்கள் நிவாரணத்தை நம்பி வாழ்ந்தார்கள். இந்தியப் பஞ்சுக்கு திடீர் கிராக்கி. பம்பாய் வியாபாரிகள் கொழித்து, 1865-ல் போர் முடிந்ததும் சரிந்தார்கள்.

படத்தில் ஆயுதம் விற்க வருகிற நிறுவனமும் அமெரிக்க நிறுவனம்தான். அதன் வாரிசுப் பெண் பெயர் ஸ்கார்லெட் ஓ'ஹாரா. "கான் வித் த விண்ட்" நாவலில் ஜார்ஜியா பருத்தித் தோட்ட முதலாளியின் மகளுக்கு வைத்த அதே பெயர்! நூற்பாலைப் பையன், பருத்திச் சீமாட்டியின் பெயர், அமெரிக்க ஆயுத வியாபாரி, 1866. எல்லாத்தையும் ஒரே மேஜையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவற்றை இணைக்கிற நூலைத் தொடாமலே படம் போய்விடுகிறது. அதற்குப் பதிலாக அறிவியல் யாருக்காக என்று தாத்தாவும் அப்பாவும் பட்டிமன்றம் நடத்துகிறார்கள். கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் பசியோடு ஆலை வாசலில் நின்ற ஒருத்தர் கேட்டிருந்தால் அதற்கு ஒரு எடை வந்திருக்கும்.

ஓட்டோமோ குழு செங்கல், புகை, பல்சக்கரம் எல்லாவற்றையும் அவ்வளவு நுணுக்கமாக வரைந்திருக்கிறது. படத்தை மறுபடி பார்த்தால் முதல் இருபது நிமிட மான்செஸ்டர் காட்சிகளை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். அந்த ஆலைக்குள் பஞ்சு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியோடு பார்த்தால், எடுக்கப்படாமல் போன நல்ல படம் ஒன்று அங்கேயே தெரியும்.