காறை எலும்பு முறிந்தால்... ஒரு குட்டி வரலாறு

போன கோடை விடுமுறையில் என் சித்தப்பா மகன் (வயது ஒன்பது) சைக்கிளிலிருந்து விழுந்தான். வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி அழுதுகொண்டே வந்து நின்றான். உடனே வீடு இரண்டு கட்சியாகிவிட்டது. "புத்தூர் கட்டுப் போட்டா பதினஞ்சு நாள்ல சரியாயிரும்" என்றார் அப்பத்தா. "எக்ஸ்ரே எடுக்காம எந்தக் கட்டும் வேண்டாம்" என்றார் சித்தப்பா.

எக்ஸ்ரேயில் காறை எலும்பு நடுவில் முறிந்திருந்தது. டாக்டர் கொடுத்ததோ, கையைக் கழுத்திலிருந்து தொங்கவிட ஒரு துணித் தொட்டிலும் வலி மருந்தும்தான். "இவ்வளவுதானா?" என்று அப்பத்தாவுக்கு ஒரே ஏமாற்றம். எனக்கும்தான். அதனால் கொஞ்சம் தேடிப் படித்தேன்.

காறை என்பது கழுத்தில் அணியும் நகை. அது கிடக்கும் இடத்தில் இருப்பதால் எலும்புக்கும் அதே பெயர். இந்த முறிவுக்கான வைத்தியக் குறிப்பு கி.மு. 1600 வாக்கில் எழுதப்பட்ட எகிப்தியச் சுவடியிலேயே இருக்கிறது. 1862இல் எட்வின் ஸ்மித் விலைக்கு வாங்கிய அந்தச் சுவடியில் 48 நோயாளிகளின் விவரம் உண்டு. அதில் ஒருவருக்குக் காறை எலும்பு முறிவு. அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, முதுகுக்கு நடுவில் துணி மடிப்பை வைத்து, இரு தோள்களையும் விரித்து எலும்பை நேராக்கிக் கட்டச் சொல்கிறது சுவடி.

கிரேக்க வைத்தியர் ஹிப்போகிராட்டஸ் பெயரில் வழங்கும் நூல் இன்னும் சுவாரசியம். முறிந்தவர் முதலில் பயப்படுவாராம். வலி குறைந்ததும் அலட்சியமாகிவிடுவாராம். எலும்பை அழகாக நிறுத்த முடியாத வைத்தியரும் அதுதான் சாக்கு என்று நழுவிவிடுவாராம். அதற்குள் எலும்பு தானே கூடிவிடும்! :-)

நம் நாட்டு சுசுருத சம்ஹிதை ஒரு கணக்கே சொல்கிறது. முறிந்த எலும்பு உறுதியாக இளம் வயதில் ஒரு மாதம், நடுவயதில் இரண்டு, முதுமையில் மூன்று மாதம் ஆகும்.

புத்தூர் கட்டுக்கு வருவோம். ஆந்திராவின் புத்தூரில் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கியது அது. வேட்டையாடிய முயலின் முறிந்த கால், சுற்றியிருந்த இலையால் கூடியதைக் கேசவ ராஜு கண்டார் என்பது வழிவழிக் கதை. இன்று அந்தப் பெயர்ப் பலகை இல்லாத ஊர் தமிழ்நாட்டில் குறைவு.

அப்படியானால் எந்த வைத்தியம் ஜெயித்தது? என் கணக்குப்படி, ஜெயித்தது குழந்தையின் எலும்பு! பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்று முதல் ஆறு வாரத்தில் அது கூடிவிடும். அதனால் யார் கட்டினாலும் பெயர் அவருக்கே. முதுகைச் சுற்றி எட்டு வடிவத்தில் போடும் கட்டையும் சாதாரணத் துணித் தொட்டிலையும் டென்மார்க்கில் ஒப்பிட்டுப் பார்த்து, 1987இல் முடிவை வெளியிட்டார்கள். எலும்பு கூடியதில் வித்தியாசம் இல்லை. தொட்டிலில்தான் தொந்தரவு குறைவு. நன்றாக விலகிய முறிவுக்கும் வளரிளம் பருவத்தில் ஆபரேஷனால் கூடுதல் பலன் இல்லை என்று 2022இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது.

அப்படியானால் டாக்டர் எதற்கு? கண்டுபிடிக்கத்தான். உடலில் முதலில் எலும்பாகத் தொடங்குவதும் கடைசியில் வளர்ச்சி முடிப்பதும் காறைதான். மார்பை ஒட்டிய அதன் முனை இருபது வயதைத் தாண்டித்தான் முழுதாக ஒட்டும். அங்கே அடிபட்ட பிள்ளைக்கு மூட்டு விலகியதுபோலத் தோன்றினாலும், வளர்தட்டு பிளந்திருக்கலாம். எலும்பு பின்பக்கம் போனால் மூச்சுக்குழாயையும் பெரிய ரத்தக்குழாய்களையும் அழுத்தும். கை மரத்தாலோ, சில்லிட்டாலோ, மூச்சு திணறினாலோ, எலும்பு தோலைக் குத்தி நின்றாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்கக்கூடாது. எந்த இடத்து முறிவானாலும் இறுக்கிக் கட்டினால் ரத்தம் நின்று கையே போகலாம். தொட்டிலில் அந்த ஆபத்து இல்லை.

நாலாவது வாரம் தம்பியின் தோளருகே ஒரு புடைப்பு தெரிந்தது. "பாத்தியா, சரியா கட்டல" என்றார் அப்பத்தா. அது எலும்பு கூடுவதற்கான அடையாளம், வளர வளரத் தேய்ந்துவிடும் என்று விளக்கினேன். நம்பினாரா தெரியவில்லை. தம்பி மட்டும் மறுபடி சைக்கிள் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான்.