கல்யாணப் பட்டில் சுற்றிய மோட்டார்

மோட்டார் ரீவைண்டிங் கடைக்குப் போயிருக்கிறீர்களா? கருகிப்போன ஆர்மேச்சர் வந்தால் மெக்கானிக் உடனே புதுக் கம்பியை எடுக்க மாட்டார். முதலில் பழசைப் பிரிப்பார். எத்தனை சுற்று, எந்தப் பக்கமாக, கம்பி என்ன கனம், முனை கம்யூட்டேட்டரில் எங்கே போய்ச் சேர்கிறது என்றெல்லாம் நோட்டில் குறித்துக்கொள்வார். குறிப்பு தப்பினால் போச்சு, அத்தனையும் தண்டம்.

இந்தப் பிரித்து எழுதும் வேலையில்தான் டி.சி. மோட்டாரின் கதையே தொடங்குகிறது.

தாமஸ் டேவன்போர்ட், அமெரிக்காவின் வெர்மான்ட் மாகாணத்துக் கொல்லர். படிப்பு சொற்பம். 1833-ல் இரும்பு வாங்க க்ரௌன் பாயின்ட்டுக்குப் போனவர், அங்கே ஒரு மின்காந்தத்தைப் பார்த்தார். தாதுவிலிருந்து இரும்பைப் பிரிக்க வைத்திருந்தார்கள். பட்டடைக்கல்லையே அந்தரத்தில் தூக்கியது. மனிதர் சொக்கிப்போனார். கூட வந்த சகோதரரின் சரக்கை விற்று, குதிரையை மாற்றி, காசு புரட்டி அதை வாங்கிவிட்டார். இரும்பு? அது கிடக்கட்டும்!

வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் காரியம், அதைப் பிரித்துப் போட்டது. அவர் ஒவ்வொரு சுற்றாகப் பிரிக்க, மனைவி எமிலி பக்கத்திலிருந்து குறிப்பெடுத்தார். அடுத்து, சொந்தமாக ஒன்று சுற்ற வேண்டும். வெறும் கம்பிமேல் கம்பியைச் சுற்றினால் மின்சாரம் சுற்றி வராமல் குறுக்கே பாய்ந்துவிடும். எனாமல் கம்பியெல்லாம் அப்போது ஏது? எமிலி தன் கல்யாணப் பட்டு உடையை நாடா நாடாகக் கிழித்துக் கொடுத்தார் என்று சொல்வார்கள்.

அந்தப் பட்டு செய்த வேலை இன்றும் பரீட்சைக்கு உட்பட்டதுதான். கம்பிக்கும் இரும்புக்கும் நடுவே கசிவு இருக்கிறதா என்று மெக்கர் சொல்லும். சுற்றுக்குச் சுற்று ஒட்டியிருந்தால்? ஆர்மேச்சரை க்ரௌலர் மேல் வைத்து, ரம்ப பிளேடை மேலே பிடிப்பார்கள். கெட்ட காயில் வரும் இடத்தில் பிளேடு 'டர்ர்ர்' என்று அதிரும்.

1834-ல் டேவன்போர்ட்டின் மோட்டார் சுழன்றது. காந்தமும் காந்தமும் இழுத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடாமல், சரியான தருணத்தில் மின்சாரத்தின் திசையைத் திருப்பிவிட்டார். கம்யூட்டேட்டரின் வேலையே அதுதானே!

1837 பிப்ரவரி 25-ல் பேட்டன்ட் கிடைத்தது. எண் 132. அதில் தாமஸ் பெயர் மட்டும்தான். எழுதிக் கொடுத்தவர், பட்டைக் கிழித்தவர் பெயர் இல்லை. எனக்கு இது உறுத்துகிறது.

1840-ல் தன் மோட்டாரால் அச்சு இயந்திரத்தை ஓட்டிப் பத்திரிகைகூட நடத்தினார். ஆனால் மின்சாரம் வந்தது பேட்டரியிலிருந்து. அதில் துத்தநாகம் கரைந்துகொண்டே இருக்கும். காமர்ஸ் படித்தவன் புத்தி கணக்குக்குத்தான் போகும்: நீராவிக்கு எரிக்கும் நிலக்கரியோ படு மலிவு. எந்த முதலாளி சீந்துவான்? கடனில் முழுகி, 1851-ல் டேவன்போர்ட் இறந்தார். வயது 48.

1873-ல் வியன்னா கண்காட்சியில், ஒரு டைனமோ தந்த மின்சாரத்தில் இன்னொரு டைனமோ மோட்டாராக ஓடியது. அதில் துத்தநாகச் செலவு இல்லை.