பார் ஹார்பரின் குண்டு எலிகள்

"வாயைக் கட்டத் தெரியாதவன்." பருத்த உடம்பைப் பார்த்ததும் நாம் சட்டென்று சொல்லிவிடுகிற வார்த்தை. மருத்துவர்களும் வெகுகாலம் இதையேதான் கொஞ்சம் கௌரவமான மொழியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தீர்ப்பை அசைத்தவை சில சுண்டெலிகள்.

மூளையின் அடியில் இருக்கும் ஹைபோதலாமஸில் ஓரிடத்தைச் சிதைத்தால் எலிகள் ஊதிப்போகும் என்று 1940லேயே ஹெதரிங்டனும் ரான்சனும் காட்டியிருந்தார்கள். சரி, உடம்பில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறதென்று மூளைக்கு யார் போய்ச் சொல்வது?

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பார் ஹார்பர் ஊரின் ஜாக்சன் ஆய்வகத்தில், 1949ல் ஒரு குண்டுச் சுண்டெலி அகப்பட்டது. தின்பதை நிறுத்தவே தெரியாத பரம்பரை. 'ஓபி' என்று பெயர் வைத்தார்கள். 1960களில் 'டிபி' என்று இன்னொரு பரம்பரை கிடைத்தது. அதற்குக் குண்டு உடம்போடு சர்க்கரை வியாதியும் உண்டு.

அங்கே வேலை பார்த்த டக்ளஸ் கோல்மன், இரண்டிரண்டு எலிகளின் உடம்பைச் சேர்த்துத் தைத்து, ரத்தம் கலக்கும்படி செய்தார். கொடூரமான சோதனைதான். டிபியோடு இணைந்த சாதாரண எலி சாப்பாட்டைத் தொடாமல் பட்டினியில் செத்தது. ஓபிக்கும் அதே கதி. டிபி மட்டும் குண்டாகவே இருந்தது. 'போதும்' என்று சொல்லும் ஏதோ ஒன்று டிபியின் ரத்தத்தில் ஏராளமாக ஓடுகிறது, அதன் மூளைக்குத்தான் அது கேட்கவில்லை. ஓபியிடம் கேட்கும் காது உண்டு, சொல்லும் பொருள் இல்லை. கோல்மன் 1973ல் இதை எழுதியபோது பலர் நம்பவில்லை. பருமன் என்பது நடத்தைக் கோளாறு, அவ்வளவுதான் என்றார்கள்.

1994ல் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு அந்த மரபணுவைப் பிடித்தது. அதிலிருந்து உருவாகும் ஹார்மோனுக்கு லெப்டின் என்று பெயர். 'ஒல்லி' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. வேடிக்கை என்னவென்றால், அதைச் சுரப்பது கொழுப்புச் செல்களேதான். மூளையும் சும்மா கேட்டுக்கொண்டிருப்பதில்லை. பரிவு நரம்புகள் வழியே கொழுப்பைக் கரைக்கச் சொல்லிப் பதில் அனுப்புகிறது.

பிறவியிலேயே லெப்டின் இல்லாத ஒன்பது வயதுச் சிறுமிக்கு இங்கிலாந்தில் அதை ஊசியாகப் போட்டார்கள். ஓராண்டில் 16 கிலோ குறைந்தாள். அதுவரை அவளும் 'அடங்காத பசிக்காரி'தான்.

எல்லோருக்கும் இந்த ஊசி பலிக்கவில்லை. பருத்தவர்களில் பெரும்பாலோரிடம் லெப்டின் தேவைக்கு மேலேயே இருக்கிறது, மூளைதான் அதைச் சரியாகக் காதில் வாங்குவதில்லை. மருந்து கைக்கு எட்டாமல் போனாலும் ஒன்று தெளிவாகிவிட்டது. பசி என்பது வாய்க்கும் மனசுக்கும் நடக்கும் சண்டை மட்டுமில்லை. அடுத்த முறை யாரையாவது பார்த்து அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தால், அங்கேயே நம் வாயைக் கட்டிக்கொள்ளலாம்.