கித்துல்கல பாலமும் சயாமுக்குப் போனவங்களும்

யுத்தப் படம் என்றால் சோறு தண்ணி மறந்து உட்கார்ந்துவிடுகிற ஆட்கள் நாங்கள். அரநாயக்கவில் ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்தால் ஒரு லெப்டொப்பைச் சுற்றி ஏழெட்டுப் பேர் கூடிவிடுவோம். இந்த டாங்கி எந்தப் படையுடையது, அந்த விமானம் எந்த வருஷம் வந்தது என்று வாக்குவாதம் நடக்கும். யுத்த வரலாற்றுப் புத்தகம் ஒன்று கிடைத்தால் கைமாறிக் கைமாறி அட்டை கழன்றுவிடும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு தளபதி எங்கே பிசகினார், ஒரு படை ஆற்றை எப்படிக் கடந்தது என்று தெரிந்துகொள்வதில் ஒரு ருசி இருக்கத்தான் செய்கிறது.

இந்த ருசி உள்ளவர்கள் எல்லோருக்கும் தெரிந்த படம் ஒன்று நம்ம கேகாலை மாவட்டத்திலேயே எடுக்கப்பட்டது. 1957இல் வெளிவந்த 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்'. இயக்குநர் டேவிட் லீன். பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் 1952இல் எழுதிய நாவல்தான் கதை. சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர் உட்பட ஏழு ஒஸ்கார் விருதுகள் கிடைத்தன. ஜப்பானியர் பிடித்து வைத்திருக்கும் பிரிட்டிஷ் கைதிகள் ஒரு ரயில் பாலம் கட்டுகிறார்கள். அவர்களுடைய கர்னல், எதிரிக்காகக் கட்டுகிறோம் என்பதையே மறந்து அந்தப் பாலத்தின் மீது ஆசை வைத்துவிடுகிறார். கடைசியில் பாலம் வெடித்துச் சிதறுகிறது.

கதையில் சயாம். படத்தில் நாம் பார்ப்பது களனி கங்கை. இங்கிருந்து கேகாலைக்குப் போய், புலத்கொஹுபிட்டிய, எட்டியாந்தோட்டை வழியாகப் போனால் கித்துல்கல. அங்கேதான் மரத்தால் நிஜப் பாலத்தையே கட்டி, நிஜ ரயிலை ஓடவிட்டு வெடிவைத்தார்கள். 1957 மார்ச் 10ஆம் திகதி வெடிக்க வேண்டியது. ஒரு கெமராக்காரர் நேரத்துக்கு விலகவில்லை என்பதால் வெடியை நிறுத்த, ரயில் பாலத்தைத் தாண்டிப் போய் மோதி நின்றது. அதைச் சரிசெய்து மறுநாள் வெடித்தார்கள். அன்றைய பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க வந்து பார்த்தார். இன்றைக்கு ஆற்றோரத்தில் கொங்கிரீட் அடித்தளங்கள் மட்டும் மிச்சம்.

இந்த இடம் வரைக்கும் எங்களுக்கும் பெருமைதான். கைதிகள் விசிலடித்துக்கொண்டு நடந்து வருகிற அந்த மெட்டை நாங்களும் எத்தனையோ தடவை விசிலடித்திருக்கிறோம். பிறகுதான் அந்த ரயில் பாதையின் உண்மைக் கதையைப் புத்தகங்களில் தேடிப் படித்தோம். படிக்கப் படிக்க விசில் வாயில் வரவில்லை.

பாதையின் நீளம் 415 கிலோமீற்றர். தாய்லாந்தின் பான் பொங் பக்கமிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை. 1942இல் தொடங்கி 1943 ஒக்டோபரில் இரண்டு பக்க வேலையும் ஒன்றுசேர்ந்தது. மலையும் காடும் நிறைந்த இடத்தில் இத்தனை சீக்கிரம் முடிந்தது என்றால், அது மனித உடம்பை எரித்துச் செய்த வேலை. நேச நாடுகளின் கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர் அங்கே வேலை செய்தார்கள். அவர்களில் 12,000க்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள். படம் சொல்வது இவர்களுடைய கதையைத்தான்.

ஆனால் அந்தப் பாதையில் அதிகமாக உழைத்தவர்களும் அதிகமாகச் செத்தவர்களும் இவர்கள் இல்லை. பர்மா, மலாயா, ஜாவா ஆகிய இடங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் பேர் அளவில் இருந்தார்கள். இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலானோர் ரப்பர் தோட்டத் தமிழர்கள்.

எங்களை உலுக்கியது இதுதான். அவர்கள் யாரோ இல்லை. திருச்சி, சேலம், தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒருத்தர் மண்டபம் வழியாகத் தலைமன்னாருக்கு வந்தார். இன்னொருத்தர் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி பினாங்குக்குப் போனார். அங்கேயும் கங்காணி, அங்கேயும் லயம், அங்கேயும் விடியற்காலைப் பெரட்டு. நம்ம பாட்டன் எந்தக் கப்பலில் ஏறினார் என்பதைப் பொறுத்துத்தான் நம்ம கதை மாறியது.

1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. மலாயாவின் ரப்பரை வாங்க ஆளில்லை. தோட்டத்தில் வேலையில்லை, அரிசியில்லை. நல்ல சம்பளம், கொஞ்ச காலத்து வேலை என்று ஜப்பானியர் ஆள் கூப்பிட்டார்கள். போனவர்கள் திரும்பாததால் மற்றவர்கள் பயந்தார்கள். அப்புறம் வலுக்கட்டாயமாகப் பிடித்தார்கள். இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூட்டம் சேர்த்து, கதவை அடைத்து ரயிலில் ஏற்றியதாகவும் நினைவுக் குறிப்புகள் உண்டு. படம் பார்க்கப் போனவன் பிணமானான் என்பது, நம்மைப் போன்ற படப் பைத்தியங்களுக்குச் சும்மா கடந்துபோகிற செய்தி இல்லை.

1943 மழைக்காலத்தில் கொலரா பரவியது. ராணுவக் கைதிகளுக்கும் மருந்தில்லைதான். ஆனாலும் அவர்களுக்கு அதிகாரிகள் இருந்தார்கள், எட்வர்ட் டன்லப் போன்ற மருத்துவர்கள் இருந்தார்கள், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி என்று கட்டளை போட ஆள் இருந்தது. தோட்டத்துச் சனங்களுக்கு அப்படி யாருமில்லை. சில பேர் பெண்டாட்டி பிள்ளைகளோடு போயிருந்தார்கள். முகாம் முகாமாக அழிந்துபோனார்கள்.

யுத்தம் முடிந்தது. காஞ்சனபுரியில் ராணுவ மயானம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள், வெட்டிவிட்ட புல், கல்லில் பொறித்த பெயர்கள். தமிழர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த வரிசைகள் இல்லை. கைதிகள் டயரி எழுதினார்கள், ஊருக்குத் திரும்பிப் புத்தகம் போட்டார்கள். அந்தப் புத்தகங்களிலிருந்து படங்கள் வந்தன. எழுதத் தெரியாதவர்களின் சாவை யாரும் எழுதிவைக்கவில்லை. அதனால்தான் கித்துல்கலயில் எடுத்த இரண்டே முக்கால் மணி நேரப் படத்தில் அந்தத் தமிழர்களைக் காணவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பாலம் வெடித்த 1957இல், சுற்றியிருந்த தோட்டங்களில் வாழ்ந்த நம்ம ஆட்களில் பெரும்பாலானோருக்குக் குடியுரிமை கிடையாது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பறித்திருந்தது. சயாமில் செத்தவர்களுக்குப் படத்தில் இடமில்லை. படம் எடுத்த இடத்தில் வாழ்ந்தவர்களுக்கு நாட்டிலேயே இடமில்லை.

யுத்தம் இந்தப் பக்கத்து ரப்பர் மரங்களையும் விடவில்லை. மலாயா போன பிறகு நேச நாடுகளுக்கு இயற்கை ரப்பர் கொடுத்த முக்கியமான இடம் இலங்கை. கேகாலை அன்றைக்கும் ரப்பர் மாவட்டம். மரத்தின் ஆயுளைப் பார்க்காமல் பால் வெட்டச் சொன்னார்கள். லொறிக்கும் விமானத்துக்கும் போன டயரில் நம்ம பாட்டிமார் சுமந்த பாலும் இருந்தது. அதுவும் யுத்த வரலாறுதான். ஆனால் எங்கள் கையில் கிடைத்த புத்தகங்களில் அதற்கு ஒரு பந்திக்கு மேல் இல்லை.

அதற்காக அந்தப் படத்தைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அலெக் கின்னஸின் நடிப்பும் அந்தக் கடைசிக் காட்சியும் இன்றைக்கும் எங்களுக்குப் பிடிக்கும். உண்மையில் கின்னஸ் நடித்த கர்னலைப் பார்த்து முன்னாள் கைதிகளே கோபப்பட்டார்கள். அங்கே இருந்த நிஜ அதிகாரி பிலிப் டூசி, தன் ஆட்களின் உயிரைக் காப்பாற்றப் பாடுபட்டவர். அவருடைய பெயருக்காகப் பேச ஆட்கள் இருந்தார்கள், புத்தகங்கள் வந்தன. தோட்டத் தமிழர்களுக்காக மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் பேசினார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகிய இரண்டு நாவல்களையும் தேடிப் படியுங்கள். அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு மிச்சக் கதை அங்கே இருக்கிறது.

அடுத்த மழை ஞாயிறில் அந்தப் படத்தை மறுபடி போடுவோம் என்றிருக்கிறோம். ஆனால் இந்தத் தடவை லயத்துப் பெரியவங்க இரண்டு மூன்று பேரையும் கூப்பிட்டு உட்காரவைப்போம். யுத்த காலத்தில் தோட்டத்தில் என்ன நடந்தது என்று அவங்க அப்பா அம்மா சொன்னதைக் கேட்டு எழுதிக்கொள்வோம். டாங்கியின் பெயரை நாங்கள் மறக்கப்போவதில்லை. இவர்களுடைய பெயரையும் எழுதிவைக்க வேண்டும்.